பழைய கார் வாங்கும்போது: பதிவு, வரி, பெயர் மாற்றம்

(குடிமக்கள் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகும்போது நாம என்ன செய்வோம்? தெரிந்த மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோம். அவர் பானெட்டைத் திறந்து பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். ஆனா அந்த வண்டியோட பேப்பரைப் பார்க்க யாரையும் கூட்டிட்டுப் போறதில்லை. என்ஜினில் கோளாறு வந்தா செலவு பண்ணிச் சரி பண்ணிடலாம். பேப்பரில் கோளாறு வந்தா வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அதனால இன்னைக்கு பேப்பரைப் பற்றி மட்டும் பேசலாம்.

உரிமையாளர் யார்?

வண்டி யாரிடம் இருக்கோ அவர்தான் ஓனர்னு நாம நினைக்கிறோம். காசு கொடுத்தாச்சு, சாவி வாங்கியாச்சு, அப்புறம் என்ன? மோட்டார் வாகனச் சட்டம் அப்படிப் பார்க்கிறதில்லை. பதிவேட்டில், அதாவது ஆர்.சி.யில், யார் பெயர் இருக்கோ அவர்தான் உரிமையாளர்.

இதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஒருவர் 2007-ல் தன் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அப்படியே வண்டி பல கை மாறியது. ஆனா ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் விபத்தில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லை. நஷ்டஈடு யார் கொடுப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவேட்டில் பெயர் இருப்பவரே சட்டப்படி உரிமையாளர், பொறுப்பும் அவருக்கே என்று தீர்ப்பு வந்தது. வண்டியைக் கொடுத்து கிட்டத்தட்ட 2 வருஷம் ஆன மனிதர். வண்டி அன்னைக்கு எந்த ஊர்ல இருந்ததுன்னுகூட அவருக்குத் தெரிந்திருக்குமான்னு தெரியாது.

இது விற்கிறவருக்கான பாடம்னு மட்டும் எடுத்துக்காதீங்க. நீங்க வாங்கின காரை உங்க பெயருக்கு மாற்றாம ஓட்டினா, சட்டப்படி அந்த வண்டியில் உங்களுக்கு உரிமை நிரூபிக்கிறதே சிரமம். வண்டி திருடு போனா இன்சூரன்ஸ் பணம் கேட்க முடியாது. பழைய ஓனர் இறந்துபோனா அவரோட வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்துக்கு அலையணும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வண்டி பிடித்திருக்கு, விலையும் படிந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்க கைபேசியில் 10 நிமிஷம் செலவு பண்ணுங்க. எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் இணையதளத்திலோ வண்டி எண்ணைப் போட்டா இவ்வளவும் தெரியும்: எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவானது, எப்போது பதிவானது, பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸும் மாசுச் சான்றும் எதுவரை இருக்கு.

பிறகு இ-சலான் பக்கத்தில் அதே எண்ணைப் போட்டு அபராதம் ஏதும் பாக்கி இருக்கான்னு பாருங்க. சிக்னலில் கேமரா பிடித்த அபராதம் வண்டி எண்ணோடுதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை விற்கிறவரே கட்டி முடிக்கட்டும். 'பின்னாடி பார்த்துக்கலாம்'னு சொன்னா, அந்தத் தொகையை விலையில் கழிச்சுக்குங்க.

அடுத்து ஆர்.சி.யின் அசலை வாங்கி மூன்று விஷயம் பாருங்க.

ஒன்று, சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும். ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும்.

இரண்டு, நிறமும் எரிபொருளும். பெட்ரோல் வண்டியில் பிறகு கேஸ் கிட் மாட்டியிருந்தா அது ஆர்.சி.யில் ஏறியிருக்கணும்.

மூன்று, கடன். ஆர்.சி.யில் ஏதாவது வங்கி அல்லது ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கா? நம்ம பேச்சில் 'ஹெச்.பி. இருக்கு'ன்னு சொல்வோம். 'லோன் எல்லாம் முடிஞ்சு போச்சு சார், கவலையே படாதீங்க'ன்னு விற்கிறவர் சொல்வார். உண்மையிலேயே முடிஞ்சிருக்கலாம். ஆனா வங்கி தடையில்லாச் சான்றும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் கொடுத்து, ஆர்.டி.ஓ. பதிவேட்டில் அந்தப் பெயரை நீக்கினாத்தான் கணக்கு முடியும். அதுவரை பெயர் மாற்றம் நகராது. இதை விற்கிறவரே முடித்துக் கொடுக்கட்டும்.

வரி: தமிழ்நாட்டு வண்டி என்றால்

'பழைய கார் வாங்கினா மறுபடியும் ரோடு டாக்ஸ் கட்டணுமா?' அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது.

தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்குப் பதிவு செய்யும்போதே ஆயுட்கால வரியை மொத்தமாக வாங்கிடுறாங்க. 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி புதுக் காருக்கு வரி இப்படி: விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 8 லட்ச ரூபாய் கார் என்றால் வரி மட்டும் 1,04,000 ரூபாய்.

இந்த வரி வண்டியோடு போகிறது, ஆளோடு போகிறதில்லை. ஆகவே மதுரையில் பதிவான காரை நீங்க திருச்சியில் வாங்கினாலும், அதற்கு ஏற்கெனவே ஆயுட்கால வரி கட்டியிருந்தா நீங்க மறுபடி கட்ட வேண்டியதில்லை. பதிவு எண்ணும் மாறாது. அதே எண்தான். கட்ட வேண்டியது பெயர் மாற்றக் கட்டணம் மட்டும். மத்திய மோட்டார் வாகன விதிப்படி சொந்த உபயோகக் காருக்கு அது 300 ரூபாய். நீங்க கடனில் வாங்கினா, கடன் கொடுத்தவர் பெயரை ஆர்.சி.யில் ஏற்ற 1,500 ரூபாய். இதோடு அட்டைக்கும் சேவைக்குமான கட்டணம் சேரும். மொத்தத் தொகை விண்ணப்பிக்கும்போது திரையிலேயே வரும். 'பெயர் மாத்த இவ்வளவு ஆயிரம் ஆகும்'னு யாராவது சொன்னா, அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க. தப்பே இல்லை.

வண்டியின் வயதையும் கவனிங்க. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும். அப்போது பசுமை வரியும் உண்டு. 13, 14 வருஷம் ஆன காரை மலிவாகக் கிடைக்குதுன்னு வாங்குறவங்க, இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

பெயர் மாற்றம்: யார், எப்போது, எங்கே?

சட்டத்தின் 50-வது பிரிவு இரண்டு பேருக்கும் வேலை கொடுக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். அது படிவம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்கணும். அது படிவம் 30.

விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தில் தொடங்கலாம். வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களும் கேட்கும். ஓ.டி.பி. வரும். இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஓ.டி.பி. போவது ஆர்.சி.யில் பதிவான கைபேசி எண்ணுக்கு. அது பழைய ஓனரின் எண். அந்த எண் இப்போ அவரிடம் இல்லைன்னா வேலை அங்கேயே நின்னுடும். ஆகவே காசு முழுதாகக் கொடுக்கும் முன்னாடியே, 'சார், ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் இப்போ உங்ககிட்ட இருக்கா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இல்லைன்னா முதலில் அவர் எண்ணைப் புதுப்பிக்கட்டும்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: இரண்டு பேரும் கையெழுத்திட்ட படிவங்கள், அசல் ஆர்.சி., நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ், மாசுச் சான்று, உங்க முகவரிச் சான்று, பான் எண் அல்லது படிவம் 60, புகைப்படம், சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு. கடன் இருந்தது என்றால் மேலே சொன்ன வங்கிக் காகிதங்கள்.

முகவரியை ரொம்பக் கவனமாகக் கொடுங்க. 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி. விரைவு அஞ்சலில்தான் வருது, கவுண்ட்டரில் கையில் தருவதில்லை. கதவு எண் தப்பு, அல்லது வீடு பூட்டியிருக்குன்னா அட்டை திரும்பி ஆபீசுக்கே போயிடும்.

வெளிமாநில வண்டி

இங்கேதான் வரி விளையாட ஆரம்பிக்கும். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புதுச்சேரி பதிவு எண் உள்ள கார் ஒன்று விழுப்புரத்திலோ கடலூரிலோ விலைக்கு வருதுன்னு வெச்சுக்குவோம். அதே மாடல், அதே வருஷம், ஆனா தமிழ்நாட்டு எண் உள்ள காரைவிட 60,000 ரூபாய் குறைவு. பெங்களூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும்கூட இப்படி வண்டிகள் வருது. டெல்லிப் பகுதியில் பழைய டீசல் வண்டிகளுக்குப் பல வருஷமாகவே கட்டுப்பாடு இருப்பதால் அங்கே விலை இறங்கி, லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விற்கிறாங்க.

விலை குறைவாக இருப்பதன் முக்கியக் காரணம், அந்த வண்டிக்குத் தமிழ்நாட்டு வரி கட்டப்படவில்லை. அதை நீங்கதான் கட்டணும்.

வேலை இந்த வரிசையில் நடக்கும். முதலில், வண்டி பதிவான மாநிலத்து ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, படிவம் 28. அதை வாங்க வேண்டியவர் விற்கிற உரிமையாளர். அபராதம், வரி பாக்கி, கடன், திருட்டு வழக்கு எதுவும் இல்லைன்னு பார்த்துத்தான் அதைக் கொடுப்பாங்க. ஆகவே அந்தச் சான்று ஒரு நல்ல வடிகட்டி. அது இல்லாத வெளிமாநில வண்டிக்கு முழுப் பணம் கொடுக்காதீங்க.

அடுத்து, உங்க பகுதி ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றமும் புதிய பதிவு எண்ணும் கேட்டு விண்ணப்பம். வண்டியை நேரில் காட்டணும். ஆய்வாளர் எண்களைச் சரிபார்ப்பார். பிறகு தமிழ்நாட்டு ஆயுட்கால வரி. பழைய வண்டி என்பதால் புது வண்டிக்கான விகிதத்தைவிடக் குறைவு. வயது கூடக் கூட விகிதம் இறங்கும். ஆனா எந்த விலையின் மேல் என்பதைக் கவனிங்க. நீங்க பேரம் பேசி வாங்கின விலை கணக்கில் வராது. வண்டியைப் புதுசாக வாங்கியபோது போட்ட இன்வாய்ஸ் விலைதான் கணக்கு. 15 லட்சத்துக்கு வாங்கிய சொகுசுக் கார் உங்களுக்கு 5 லட்சத்துக்குக் கிடைக்கலாம். வரிக் கணக்கு 15 லட்சத்திலிருந்து ஆரம்பிக்கும். அதனால விற்கிறவரிடம் பழைய இன்வாய்ஸ் நகலைக் கேட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, வரி எவ்வளவு வரும்னு கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க. 60,000 ரூபாய் மிச்சம்னு நினைச்சது அங்கேயே கரைந்துபோகலாம். கரையாமலும் போகலாம். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணணும், அவ்வளவுதான்.

பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதி வருஷங்களுக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஆனா அது அந்த மாநிலம் தர வேண்டிய பணம். அதன் சட்டப்படி, புதிய பதிவு நடந்ததற்கான ஆதாரத்தோடு அங்கேதான் விண்ணப்பிக்கணும். இந்தப் பணம் யாருக்கு, விற்றவருக்கா, உங்களுக்கா? இதை விலை பேசும்போதே எழுத்தில் முடிச்சுக்குங்க.

'வெளிமாநில எண்ணோடு 12 மாசம் ஓட்டலாமாமே?'ன்னு சிலர் கேட்பாங்க. சட்டத்தின் 47-வது பிரிவு சொல்வது, 12 மாசத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தா புதிய எண் வாங்கணும் என்பது. அது பதிவு எண் பற்றிய விதி. அதை வரி விலக்கு என்று எடுத்துக்கக் கூடாது. மேலும், நீங்க அந்த வண்டியை வாங்கியவர் என்றால் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டிய கடமை தனியாகவே இருக்கு.

பி.ஹெச். வரிசை எண் கொண்ட கார் என்றால் இன்னும் கவனம். 2021-ல் வந்த இந்த ஏற்பாட்டில் ஆயுட்கால வரி கட்டுவதில்லை, இரண்டு இரண்டு வருஷமாகக் கட்டுறாங்க. அந்த வரிசைக்குத் தகுதி இல்லாத ஒருவர் அந்தக் காரை வாங்கினா, மாநில எண்ணுக்கு மாற்றி, மாநில வரியைக் கட்டணும்.

இன்சூரன்ஸ்

வண்டியைப் பெயர் மாற்றினதும் இன்சூரன்ஸ் தானாக மாறிடும்னு நினைக்கிறது பாதிதான் சரி. மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி வண்டியோடு வருது. உங்க வண்டிக்கு வரும் சேதத்துக்கான பாலிசி அப்படி வராது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியை உங்க பெயருக்கு மாற்றிக்குங்க. பழைய ஓனருக்குச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கம்பெனி உங்களிடம் கேட்கும். அது நியாயமான தொகைதான்.

ஓனர் இறந்துவிட்டிருந்தால்

அப்பா பெயரில் இருந்த காரை மகன் விற்கிறார். இது சாதாரணமாக நடப்பதுதான். ஆனா அப்பா இறந்துபோன பிறகு மகன் நேரடியாக உங்களுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. முதலில் வண்டி அவர் பெயருக்கு வரணும். அதற்குப் படிவம் 31. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாசத்துக்குள் விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். இதையெல்லாம் தாண்டி, இறந்தவரின் கையெழுத்தைப் போட்டு வேலையை முடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா, அந்த இடத்தை விட்டுக் கிளம்பிடுங்க. அது போலிக் கையெழுத்து, கிரிமினல் குற்றம்.

உங்க சொந்த வண்டிக்கு இந்தச் சிக்கல் வராம இருக்க, 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்கும் வசதி இருக்கு. வீட்டில் இருப்பவர்களுக்காக இதைச் செஞ்சு வைங்க.

டீலர் மூலமாக என்றால்

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்களுக்குத் தனி விதிகள் அமலில் இருக்கு. டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்கணும். அது 5 வருஷம் செல்லும். நீங்க வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29-சி மூலம் இணையத்தில் தெரிவிச்சா, அதற்கான ஒப்புகை எண் வந்ததிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நம்ம நீதிமன்றக் கதையில் பார்த்த சிக்கலுக்கு இது நேரடி மருந்து. ஆகவே 'உங்க அங்கீகாரச் சான்றைக் காட்டுங்க'ன்னு கூச்சப்படாம கேளுங்க.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு குழப்பம் உலவுது. 2024 டிசம்பரில் பழைய வண்டிக்கு 18 சதவீதம்னு செய்தி வந்ததும், 5 லட்ச ரூபாய் காருக்கு 90,000 கட்டணுமான்னு பலர் பயந்தாங்க. அப்படி இல்லை. பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்தின் மேல்தான் அந்த வரி. அவர் 5 லட்சத்துக்கு வாங்கி 5.5 லட்சத்துக்கு விற்றா, 50,000-க்கு 18 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்காரர் தன் காரை இன்னொரு குடும்பத்துக்காரருக்கு விற்றா ஜி.எஸ்.டி.யே கிடையாது.

விற்கிறவர்களுக்கு நாலு வார்த்தை

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீங்க. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாத 29, 30-ஐ வாங்கிக்கிட்ட புரோக்கர், அதை அப்படியே அடுத்த ஆளிடம் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம். வண்டி ஊர் ஊராகப் போகும், உங்க பெயர் மட்டும் அதில் உட்கார்ந்திருக்கும். அபராதக் குறுஞ்செய்தி உங்களுக்கு வரும். அந்த வண்டி குற்றத்தில் சிக்கினா போலீஸ் முதலில் வருவதும் உங்க வீட்டுக்குத்தான்.

வண்டியை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி, வாங்குபவர் கையெழுத்தும் அவரது அடையாள அட்டை நகலும் வாங்கிக்குங்க. 100 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் போட்டாச்சுன்னு நிம்மதியாக இருக்காதீங்க. அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. 14 நாளுக்குள் படிவம் 29 போனதா, ஒரு மாசம் கழித்து எம்பரிவாகனில் பெயர் மாறியதா என்று நீங்களே பாருங்க. மாறவில்லைன்னா கடைசித் தவணைப் பணத்தைவிட அதுதான் அவசரம்.

இன்னொரு எச்சரிக்கை. 'உங்க வண்டிக்கு அபராதம், இந்த ஃபைலைத் திறந்து பாருங்க'ன்னு வாட்ஸ்அப்பில் ஒரு செயலி ஃபைல் வரும். தொட்டா வங்கிக் கணக்கு காலியாகலாம். அபராதத்தை அரசு இணையதளத்தில் நீங்களே எண்ணைப் போட்டுப் பாருங்க. வந்த இணைப்பைத் தொடாதீங்க.

முடிக்கிறதுக்கு முன், கைபேசியில் குறிச்சு வைக்க ஐந்து விஷயம். காசு கொடுக்கும் முன் எம்பரிவாகனும் இ-சலானும். கடன் பெயர் நீங்கியதா என்பது. வெளிமாநில வண்டியானா தடையில்லாச் சான்றும் வரிக் கணக்கும். 14 நாளில் இன்சூரன்ஸ். 30 நாளில் பெயர் மாற்றம்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகு, தபாலில் வர்ற அந்தச் சின்ன அட்டையில் உங்க பெயரை எழுத்துப் பிழை இல்லாம ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அதற்கப்புறம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போங்க, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைங்க, நல்லபடியாக ஓட்டுங்க.